பழைய சிறு விமானத்தில் புது நேவிகேட்டர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னுடையது 1970களில் தயாரான நான்கு இருக்கை விமானம். இரண்டு பழைய நேவ்-காம் ரேடியோ (பேசவும் வழியறியவும் உதவுவது), ஒரு ஏடிஎஃப் (தரை நிலையம் இருக்கும் திசையைக் காட்டுவது), ஒரு டிஎம்இ (நிலையத்துக்கான தூரத்தைக் காட்டுவது) இருக்கின்றன. ஜிபிஎஸ் நேவிகேட்டர் பொருத்த வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பேனலுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்ப்பதிலிருந்து. கார்மின் ஜிடிஎன் 650 போன்ற கருவி 6.25 அங்குல அகலமும் 2.65 அங்குல உயரமும்தான். ரேடியோ வரிசையில் எளிதாக உட்காரும். ஆழத்தில்தான் இடிக்கும். பின்பக்கக் கனெக்டரோடு சேர்த்து 11 அங்குலத்துக்கு மேல் உள்ளே போகும். அங்கே யோக்கின் (விமானி பிடித்துத் திருப்பும் கைப்பிடி) தண்டு, கன்ட்ரோல் செயின், காற்றுக் குழாய் எல்லாம் ஓடுகின்றன. கருவி உட்காரும் ட்ரேயை மட்டும் தற்காலிகமாக வைத்து, யோக்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, முன்னும் பின்னும் முழுதாக நகர்த்திப் பாருங்கள். வயர் கட்டு முடிந்த பிறகு இதே சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். உரசலுக்குக் காரணம் பெரும்பாலும் கருவியாக இருக்காது. வயர் கட்டாகத்தான் இருக்கும்.

ஏடிஎஃப், டிஎம்இ இரண்டையும் எடுப்பதாக இருந்தால் பெட்டியோடு நிறுத்தாதீர்கள். ஆன்டெனா, கேபிள், சர்க்யூட் பிரேக்கர் வரை எல்லாம் வெளியே வரட்டும். பாதியில் வெட்டி விட்ட வயரை அடுத்த மெக்கானிக் எது உயிருள்ளது, எது செத்தது என்று தெரியாமல் தேடுவார். அந்தக் காலத்து பிவிசி வயரின் உறை வளைத்தாலே விரிசல் விடும், எரிந்தால் நச்சுப்புகை விடும். புதிதாகப் போடுவது, வெப்பம் தாங்கும் டெஃப்செல் பிளாஸ்டிக் உறை வயராக இருக்க வேண்டும். எடுத்ததையும் சேர்த்ததையும் எடை போட்டு, எடை-சமநிலைக் கணக்கையும் கருவிப் பட்டியலையும் திருத்துங்கள்.

மின்சாரக் கணக்கும் உண்டு. தொடர்ந்து ஓடும் கருவிகளின் மொத்தச் சுமை ஆல்டர்னேட்டர் திறனில் 80 சதவீதத்துக்குள் நிற்பது பாதுகாப்பு. 14 வோல்ட் விமானத்தில் அதே வேலைக்கு 28 வோல்ட்டைப் போல இரண்டு மடங்கு ஆம்பியர் ஓடும். வேறொரு விமானத்தின் வரைபடத்தைப் பார்த்து பிரேக்கரையும் வயர் தடிமனையும் முடிவு செய்தால் தவறிவிடும். கருவிக்கான துணைச் சான்றின் (எந்தெந்த விமானத்தில் பொருத்தலாம் என்ற ஒப்புதல்) பட்டியலில் உங்கள் விமான மாடல் இருக்கிறதா என்பதை, கையெழுத்துப் போடப்போகும் பொறியாளரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஜிபிஎஸ் மட்டும் உள்ள, 2 அங்குல உயரக் கருவி விலை குறைவாக இருக்கிறது. விஓஆர் (தரை நிலையத்தை வைத்துத் திசை காட்டுவது), ஐஎல்எஸ் (ஓடுபாதையில் இறங்க வழிகாட்டும் தரை ரேடியோ) இனி தேவையா?

பதில்: ஒன்றாவது இருக்கட்டும். செயற்கைக்கோள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் சிக்னல் மிக மெலிந்தது. அதை முடக்குவதும், பொய்ச் சிக்னலால் ஏமாற்றுவதும் இப்போது பல வான்பகுதிகளில் நடக்கிறது. மெல்லிய ஜிபிஎஸ் கருவியோடு, கிளைடுஸ்லோப் (இறங்கும் சரிவைக் காட்டும் வசதி) உள்ள பழைய நேவ்-காம் ஒன்றைப் பழுது பார்த்து வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. ஜிபிஎஸ் எதுவானாலும் வாஸ் (அமெரிக்கா), எக்னாஸ் (ஐரோப்பா), ககன் (இந்தியா) போன்ற, ஜிபிஎஸ் பிழையைக் குறைக்கும் திருத்தச் சிக்னலை வாங்கும் வகையாக இருக்க வேண்டும். எல்பிவி இறக்கத்துக்கு (திசையும் சரிவும் ஜிபிஎஸ் மூலமே பார்த்து இறங்குவது) அது இல்லாமல் வழியில்லை.

கேள்வி: இப்போதுள்ள விஓஆர் இண்டிகேட்டரையே புது நேவிகேட்டரோடு இணைக்க முடியுமா?

பதில்: பகுதி எண்ணைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பழைய இண்டிகேட்டர் சிலவற்றில் விஓஆர் சிக்னலைப் பிரித்தறியும் சர்க்யூட் டயலுக்குள்ளேயே இருக்கும். அவை ரேடியோவின் கலப்புச் சிக்னலைத்தான் புரிந்துகொள்ளும். ஜிபிஎஸ் தருவதோ ஊசியை இடமும் வலமும் தள்ளும் சிறு மின்னழுத்தம்; முழு விலகலுக்கு 150 மில்லிவோல்ட். இதை வாங்க உள்ளீடு இல்லாத இண்டிகேட்டரை மாற்றியே ஆக வேண்டும்.

உள்ளீடும் ரிசால்வரும் (டயல் நிற்கும் கோணத்தை மின் சிக்னலாகச் சொல்லும் பாகம்) இருந்தால் இணைக்கலாம். இணைத்த பின் நேவிகேட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஓபிஎஸ் (இண்டிகேட்டரில் திசையைத் தேர்ந்தெடுக்கும் குமிழ்) சீரமைப்பைச் செய்யுங்கள். கார்மின் கருவிகளில் ஓபிஎஸ்ஸை 150 டிகிரியில் நிறுத்திச் செய்வது. பிறகு 30 டிகிரிக்கு ஒரு முறை, சுற்று முழுவதும், டயலும் திரையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். டயலில் எண் கூடும்போது திரையில் குறைந்தால் ரிசால்வரின் ஒரு ஜோடி வயர் இடம் மாறியிருக்கிறது. சீரமைப்பை எத்தனை முறை செய்தாலும் அது சரியாகாது, கனெக்டரைத்தான் திறக்க வேண்டும்.

கேள்வி: புது ஜிபிஎஸ் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் சில அலைவரிசைகளில் பேச பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. கருவியை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: வேண்டாம். கருவி பெரும்பாலும் நிரபராதி. ஜிபிஎஸ் கேட்பது 1575.42 மெகாஹெர்ட்ஸ். 121.175-ஐ 13-ஆல் பெருக்கினால் 1575.275, 131.275-ஐ 12-ஆல் பெருக்கினால் 1575.3. இந்த இரண்டிலும் இவற்றின் அண்டை அலைவரிசைகளிலும் பேசும்போது ரேடியோவிலிருந்து கசியும் மடங்கு அலை நேராக ஜிபிஎஸ் காதில் விழுகிறது.

விமானத்தைக் கொட்டகைக்கு வெளியே, திறந்த வானத்தின் கீழ் நிறுத்துங்கள். கோபுரத்தின் அனுமதியோடு, யாரும் பேசாத நேரத்தில் செய்யுங்கள். செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்து வைத்து, 121.150, 121.175, 121.200, பிறகு 131.250, 131.275, 131.300 என்று ஒவ்வொன்றிலும் அரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு ரேடியோ இருந்தால் இரண்டிலும் தனித்தனியாக. எந்த ரேடியோ, எந்த அலைவரிசை, சிக்னல் கம்பிகள் எவ்வளவு விழுந்தன என்று எழுதிக்கொள்ளுங்கள்.

விழுந்தால் முதலில் ஈஎல்டி (விபத்தில் அபாயச் சிக்னல் அனுப்பும் கருவி) பெட்டியிலிருந்து அதன் ஆன்டெனா கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். அணைந்து கிடக்கும் ஈஎல்டி ரேடியோவின் அலையை வாங்கி, அதன் வெளியீட்டு சர்க்யூட்டில் மடங்குகளாக மாற்றித் திருப்பி வீசுவது உண்டு. கழற்றியதும் சரியானால் அந்த கேபிளில் ஒரு நாட்ச் ஃபில்டர் (குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் தடுப்பது) போதும். சோதனை முடிந்ததும் கேபிளை மறக்காமல் மாட்டுங்கள். விபத்தில் உங்களைத் தேடிவருவதே அந்தக் கருவியை வைத்துத்தான்.

அதிலும் சரியாகாவிட்டால், கசியும் ரேடியோவின் பின்பக்கம் 1575.42 மெகாஹெர்ட்ஸுக்கான நாட்ச் ஃபில்டர். அதன் பிறகு இடைவெளி: ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கும் விஎச்எஃப் (பேச்சு ரேடியோ) ஆன்டெனாவுக்கும் நடுவே 2 அடியாவது வேண்டும். பழைய ஆர்ஜி-58 கேபிளை, இரட்டைப் பின்னல் ஷீல்டு உள்ள ஆர்ஜி-400-ஆக மாற்றுங்கள். பல விமானங்களில் இதுவே பாதி வியாதியைத் தீர்க்கும். ஆன்டெனா அடியில் பெயின்ட் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அடித்தளம் உலோகத் தோலோடு நேரடியாகத் தொட வேண்டும்; மில்லி-ஓம் மீட்டரில் 2.5 மில்லி-ஓமுக்குள் காட்ட வேண்டும்.

கேள்வி: வேக்குவம் பம்பை (காற்றை உறிஞ்சிப் பழைய டயல்களின் கைரோவைச் சுழற்றுவது) எடுத்துவிட்டு இரண்டு மின்னணு டயல்கள் போடப் போகிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: ஆட்டோபைலட். உங்களுடையது எங்கிருந்து தகவல் வாங்குகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சில வகைகள் வேக்குவத்தில் சுழலும் ஆட்டிட்யூட் கைரோவிலிருந்து (விமானத்தின் சாய்வைக் காட்டுவது) வாங்கும்; கைரோவை எடுத்தால் ஆட்டோபைலட் செத்துவிடும், புது டயல் அதே சிக்னலைத் தரும் வகையாக இருந்தால் தவிர. வேறு சில டர்ன் கோஆர்டினேட்டரிலிருந்து (விமானம் திரும்பும் வேகத்தைக் காட்டும் டயல்) வாங்கும். அப்படியானால் பேனலில் தேவையற்றதாகத் தோன்றும் அந்த டயலைத் தொடக்கூடாது. ஹெடிங் பக் (போக வேண்டிய திசையை வைக்கும் குறி) சிக்னல் மூன்றாவது இணைப்பு. பெரும்பாலும் இதற்கு ஒரு தனி இணைப்புப் பெட்டி வேண்டும், அது மதிப்பீட்டில் விட்டுப்போகும்.

பம்பை எடுப்பது சரியான முடிவுதான். உலர் வகைப் பம்பின் கார்பன் தகடுகள் எச்சரிக்கை தராமல் உடைபவை. ஆனால் இனி எல்லாம் மின்சாரத்தை நம்பியிருப்பதால் டயலின் உள் பேட்டரியை உற்பத்தியாளர் சொன்ன இடைவெளியில் சோதிக்க வேண்டும். ஸ்டாட்டிக் குழாயை (உயரமானிக்கு வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கொண்டுவருவது) ஒரு இடத்தில் கழற்றியிருந்தாலும் கசிவுச் சோதனை கட்டாயம்: உயரமானியில் 1,000 அடி கூடும்வரை குழாய்க் காற்றை உறிஞ்சி மூடினால், ஒரு நிமிடத்தில் 100 அடிக்கு மேல் இறங்கக்கூடாது.

கேள்வி: இறக்கையில் பொருத்திய மேக்னெட்டோமீட்டர் (திசை அறியும் காந்த உணரி), நேவிகேஷன் விளக்கைப் போட்டதும் பல டிகிரி திரும்புகிறது. ஏன்?

பதில்: விளக்கின் மின்சாரம் இறக்கைத் தோல் வழியாகத் திரும்பி வருகிறது. விளக்குக்குத் தனி எர்த் வயர் இழுத்து, போகும் வயரோடு முறுக்கிவிடுங்கள். இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அருகிலுள்ள இரும்புத் திருகுகளைப் பித்தளைக்கு மாற்றுங்கள். பேனல் வேலை முடிந்தபின் பழைய நீர்மத் திசைகாட்டியையும் சுழற்றிப் பார்த்து, பிழை அட்டையை (ஒவ்வொரு திசையிலும் எத்தனை டிகிரி தவறுகிறது என்ற குறிப்பு) புதிதாக எழுத வேண்டும்.

கேள்வி: பழைய ஜிபிஎஸ் ஒன்று தேதியை ஏறக்குறைய 20 ஆண்டு பின்னால் காட்டுகிறது. பழுதா?

பதில்: பழுதல்ல. ஜிபிஎஸ் வார எண் 1,024 வாரத்துக்கு ஒரு முறை பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி நடந்தது. மென்பொருள் திருத்தம் கிடைத்தால் போடுங்கள். கிடைக்காவிட்டால் 28 நாளுக்கு ஒரு முறை வரும் தரவுத்தளம் (விமான நிலையம், வழித்தடம் பற்றிய தகவல்) இன்னும் வெளியாகிறதா என்று விசாரியுங்கள். அதுவும் நின்றிருந்தால் அந்தக் கருவிக்கு ஆன்டெனா, கேபிள் என்று மேலும் செலவழிக்காதீர்கள்.