குன்பெய் யோகோய்: கேம் பாயைச் செய்தவர் பற்றிக் கேள்வி பதில்

வீடியோ கேம் வடிவமைப்பாளர்கள் வரிசையில் இந்த முறை, கையில் வைத்து விளையாடும் கேம் பாய் கருவியைச் செய்த குன்பெய் யோகோய். ஜப்பானிய கேம் கம்பெனியான நிண்டெண்டோ என்றதும் மரியோ என்ற கேம் கதாபாத்திரமும் வடிவமைப்பாளர் மியாமோட்டோவும்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்கு முன்னால் அந்தக் கம்பெனியை விளையாட்டுப் பக்கம் இழுத்து வந்தவர் இவர். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, யோகோய் கேம் டிசைன் எங்கே படித்தார்? நான் இரண்டாம் ஆண்டு இசிஇ. (திருச்சி)

எங்கேயும் படிக்கவில்லை தம்பி, அப்போது அப்படி ஒரு படிப்பே கிடையாது. 1941இல் கியோட்டோவில் பிறந்தவர். அங்கேயே தோஷிஷா பல்கலைக்கழகத்தில் உங்களைப் போல மின்னணுவியல்தான் படித்தார். பெரிய கம்பெனிகள் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. 1965இல் உள்ளூரிலேயே இருந்த நிண்டெண்டோவில் சேர்ந்தார். அன்றைக்கு அது சீட்டுக்கட்டு கம்பெனி. ஹனஃபூடா என்கிற பூப்படம் போட்ட சீட்டுகளைத் தயாரிக்கும் இயந்திரங்களைப் பராமரிப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை.

வேலை கொஞ்சம், பொழுது நிறைய. குறுக்கும் நெடுக்குமாகச் சட்டங்களைக் கோத்து, பிடியை நெருக்கினால் சரேலென்று நீண்டு போய்ப் பொருளைக் கவ்வும் ஒரு கையைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தார். அது முதலாளி ஹிரோஷி யமாவுச்சியின் கண்ணில் பட்டுவிட்டது. திட்டு விழும் என்று பார்த்தால், "இதையே விற்கிற மாதிரி செய்" என்கிற பொருளில் உத்தரவு வந்தது. 1966இல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் வெளிவந்து பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பராமரிப்பு ஆள் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

வீடியோ கேமுக்கு வருவதற்கு முன் வேறென்ன செய்தார்? (ஈரோடு)

நிறைய. எனக்குப் பிடித்தது 1969இல் வந்த 'லவ் டெஸ்டர்'. ஆளுக்கொரு உலோக உருண்டையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஒருவர் கையை மற்றவர் பற்ற வேண்டும். உடம்பு வழியாகப் போகும் மெல்லிய மின்னோட்டத்துக்கு ஏற்ப முள் நகரும், காதல் எவ்வளவு என்று காட்டும். உள்ளே இருப்பது பள்ளிக்கூட ஆய்வகத்தில் பார்க்கும் கால்வனோமீட்டர் மாதிரியான சமாசாரம்தான். பையனும் பெண்ணும் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு சாக்கு வேண்டும், அதைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பதுதான் அவர் கணக்கு.

அடுத்த ஆண்டு வந்த விளையாட்டுத் துப்பாக்கியும் அதே தினுசு. ஷார்ப் கம்பெனியிலிருந்து மசாயுகி உயெமுரா சூரிய மின்கலங்களை விற்க வந்தார். மின்சாரம் எடுக்கும் பொருளை யோகோய் ஒளி பட்டதா இல்லையா என்று உணரும் கண்ணாக மாற்றிவிட்டார்.

ரயிலில் ஒருவர் கால்குலேட்டரை நோண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் கேம் & வாட்ச் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி பிறந்தது என்கிறார்களே, கட்டுக்கதையா? (நாகர்கோவில்)

அவரே சொன்ன கதைதான் அது. புல்லட் ரயிலில் அலுப்பான ஓர் ஆள், பொழுது போகாமல் கால்குலேட்டர் பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருந்தார். வளர்ந்தவர்கள், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல், உள்ளங்கையில் வைத்து விளையாட ஒன்று இருந்தால் எப்படி இருக்கும் என்று யோகோய்க்குத் தோன்றியது. ஒருநாள் யமாவுச்சியின் டிரைவர் வரவில்லை. வண்டி ஓட்டப்போன யோகோய், வழியில் பேச்சுவாக்கில் இதைச் சொல்லிவைத்தார். கேட்ட முதலாளி ஷார்ப் தலைவரிடம் பேசியே விட்டார்.

நேரமும் வாகாக அமைந்தது. கால்குலேட்டர் கம்பெனிகளின் விலைப்போட்டியில் சின்ன எல்சிடி திரையும் சிப்பும் மலிந்து கிடந்தன. 1980இல் முதல் கேம் வந்தது. அந்த வரிசை முழுவதும் சேர்ந்து 4 கோடிக்கு மேல் விற்றது.

இன்றைக்கு எல்லா கன்ட்ரோலரிலும் இருக்கும் கூட்டல் குறி பட்டன் அவருடையதா? (பெங்களூரு)

ஆமாம். 1982இல் டாங்கி காங் என்ற வீடியோ கேமை கேம் & வாட்சாகக் கொண்டுவந்தபோது வந்தது. இரண்டு திரை, புத்தகம் போல மடியும். ஜாய்ஸ்டிக் வைத்தால் மூட முடியாது. நான்கு தனிப் பொத்தான் வைத்தால் விரல் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். கூட்டல் குறி ஒரே துண்டு. அதன் விளிம்பை வைத்தே கட்டைவிரல் திசையைக் கண்டுபிடித்துவிடும். கழற்றிப் பார்த்தால், நடுவில் ஒரு சிறு குமிழ் மேல் அது ஊசலாடுவது தெரியும். இடது பக்கம் அழுந்தினால் வலது பக்கம் தானாக மேலே எழும், அதனால் எதிரெதிர்த் திசைகளை ஒரே நேரத்தில் அழுத்த முடியாது.

மரியோவை உருவாக்கியது இவரா, மியாமோட்டோவா? (யாழ்ப்பாணம்)

மியாமோட்டோதான். 1981இல் டாங்கி காங்கை அவர் வடிவமைத்தபோது மேற்பார்வை யோகோய். ஆனால் 1983இல் வந்த மரியோ பிரதர்ஸில் இவர் கை உண்டு. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் மரியோவுக்கு அடிபட வேண்டாமா என்று மியாமோட்டோ தயங்கினார். படாவிட்டால்தான் விளையாட்டு நன்றாக இருக்கும் என்று சம்மதிக்க வைத்தவர் யோகோய்.

பழைய, மலிவான தொழில்நுட்பத்தைப் புது மாதிரி பயன்படுத்துவதுதான் அவர் கொள்கை என்று புகழ்கிறார்கள். கஞ்சத்தனத்துக்கு வைத்த அழகான பெயர் என்றுதான் எனக்குப் படுகிறது. (கோவை)

பாதி ஒத்துக்கொள்கிறேன் சார். 1989இல் வந்த கேம் பாயையே எடுத்துக்கொள்வோம். பச்சை படிந்த திரை, நாலே நாலு சாயல். அதே ஆண்டு அட்டாரி லின்க்ஸ் வண்ணத்தில், பின்னொளியோடு வந்தது. அடுத்த ஆண்டு சேகா கேம் கியரும் வந்தது. கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கேம் பாய் பரிதாபமாக இருக்கும்.

ஆனால் கேம் கியருக்கு ஆறு பென்சில் பேட்டரி. நாலைந்து மணி நேரத்தில் காலி. கேம் பாய் நாலு பேட்டரியில் பத்துப் பதினைந்து மணி நேரம் சாதாரணமாக ஓடும். அமெரிக்காவில் கேம் கியர் 150 டாலர், கேம் பாய் 90 டாலர். பேட்டரிக்கு அப்பாவிடம் காசு கேட்கவேண்டிய பையனுக்கு எது தோதுப்படும்? கலர் வந்த மாடலையும் சேர்த்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல் விற்றது.

இன்னொன்று, கஞ்சனாக இருந்தால் இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கேபிளுக்கு இடம் விட்டிருக்க மாட்டார். 1996இல் பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கும் போகிமான் கேம் வந்து, பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பிராணிகளை மாற்றிக்கொண்டது அந்தக் கேபிளில்தான்.

நீங்கள் சொல்வது சரியாகப் பொருந்தும் இடம் பின்னொளி. அது இல்லாததால் ட்யூப் லைட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்து, பளபளப்பைத் தவிர்க்கத் தலையைச் சாய்த்து விளையாட வேண்டியிருந்தது. இதில் அவருக்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

திருவிழாக் கடையில் வாங்கிய '9999 இன் 1' பிரிக் கேம், கேம் பாய் இல்லையா? (மதுரை)

இல்லைங்க. அது மேலிருந்து விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் கேமைப் பார்த்துச் செய்த மலிவுச் சரக்கு, நிண்டெண்டோவுக்குச் சம்பந்தம் இல்லை. டெட்ரிஸ் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் எழுதியது. அமெரிக்காவில் அதைப் பெட்டியிலேயே வைத்துக் கொடுத்ததுதான் கேம் பாய்க்குப் பெரிய பலம். பிரிக் கேமில் கட்டங்கள் திரையிலேயே நிரந்தரமாகப் பதிந்திருக்கும், கேசட் மாற்ற முடியாது. அந்த வகையில் கேம் & வாட்சுக்குத்தான் தம்பி முறை. 9999 என்பதெல்லாம் ஒரே விளையாட்டின் வேகத்தை மாற்றிமாற்றி எண்ணியது.

விர்ச்சுவல் பாய் தோற்றதால் அவரை விரட்டிவிட்டார்களா? (சிங்கப்பூர்)

அவர் அதை மறுத்தார். தனியாகத் தொழில் தொடங்கும் எண்ணம் முன்பே இருந்தது என்றார். தோல்வி பெரிதுதான். 1995இல் வந்த அந்த முப்பரிமாண விளையாட்டுக் கருவியில் ஒவ்வொரு கண்ணுக்கும் 224 சிவப்பு எல்இடிகள் ஒரே வரிசையில் நிற்கும். எதிரே ஒரு கண்ணாடி வேகமாக அதிர்ந்து அந்த வரிசையை முழுப் படமாக விரிக்கும். மலிவாகக் கிடைத்தது சிவப்பு மட்டுமே என்பதால் எல்லாமே சிவப்பு. மேஜையில் வைத்து முகத்தைப் புதைத்து விளையாட வேண்டும், கழுத்தும் கண்ணும் வலிக்கும். சுமார் 7,70,000தான் விற்றது. பக்கத்தில் இருப்பவருக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாத விளையாட்டை, லவ் டெஸ்டர் செய்தவர் செய்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

1996 ஆகஸ்டில் விலகி, கோட்டோ என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். பண்டாய் கம்பெனிக்காக அங்கே உருவான வண்டர்ஸ்வான் என்ற கையடக்கக் கருவி ஒரே ஒரு பென்சில் பேட்டரியில் ஓடும். 1999இல் அது கடைக்கு வந்தபோது அவர் இல்லை. 1997 அக்டோபர் 4 அன்று இஷிகாவா பகுதி நெடுஞ்சாலையில் ஒரு சிறு மோதலுக்குப் பிறகு, சேதத்தைப் பார்க்க இறங்கியவர் மேல் இன்னொரு கார் மோதியது. வயது 56.

பழைய கேம் பாய் ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்த்து வாங்க வேண்டும்? (சென்னை)

முதலில் பேட்டரி மூடியைக் கழற்றுங்கள். ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் பேட்டரி கசிந்திருக்கிறது. மேலோட்டமாக என்றால் வினிகரில் தோய்த்த பஞ்சு போதும். போர்டு வரை இறங்கியிருந்தால் விட்டுவிடுங்கள். அப்புறம், திரையில் செங்குத்தாகச் சில கோடுகள் விட்டுப்போயிருந்தால் பயப்பட வேண்டாம். திரைக்குக் கீழே ஒட்டியிருக்கும் ரிப்பன் பிடிப்பு தளர்ந்திருக்கும். சால்டரிங் அயர்னை மிதமான சூட்டில் அதன் மேல் மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் கோடு திரும்ப வந்துவிடும். விற்பவருக்கு இது தெரியாது, அந்தக் கோட்டைக் காட்டியே விலையைக் குறையுங்கள்.