அடகுத் துண்டிலும் பழைய சம்பளத் துண்டிலும் இருக்கும் பணம்

கேள்வி: திருமணமாகி நாலரை ஆண்டுகள் ஆகின்றன, மூன்று வயதில் ஒரு பிள்ளை. கணவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். 2021ஆம் ஆண்டின் கடைசியில் என் இரண்டு பவுண் காப்புச் சோடியையும் மூன்று பவுண் சங்கிலியையும் வங்கியில் அடகு வைத்தோம். வட்டியைக் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே வருகிறோம். அதற்கு மேல், ஒருவருக்கொருவர் பிணை நின்று குழுவாக எடுத்து, கிழமைக்குக் கிழமை கட்டும் குழுக்கடன் ஒன்றும், பலசரக்குக் கடையில் கடன் கொப்பியும் இருக்கின்றன. முச்சக்கரவண்டியை விற்று எல்லாவற்றையும் அடைப்போமா என்று கணவர் கேட்கிறார். நான் ஆடைத் தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகள் வேலை செய்து, திருமணத்துக்கு முந்திய மாதம் நின்றவள். வீட்டில் மாமனாரின் பழைய படகு எஞ்சினையும் சில பித்தளைச் சாமான்களையும் தவிர விற்பதற்கு எதுவுமில்லை. வேறு வழி உண்டா?
- வாசகி, உப்புவெளி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முச்சக்கரவண்டியை விற்க வேண்டாம். உங்கள் வீட்டில் நாளாந்தம் உழைத்துத் தருவது அது ஒன்றுதான். நிலாவெளிப் பக்கம் உல்லாசப் பயணிகள் வரும் மாதங்களில் அது தரும் வருமானத்தை இழந்துவிட்டு, அடுத்த கடனுக்கு யாரிடம் போவீர்கள்?

விற்பதற்கு எதுவுமில்லை என்று எழுதிய அதே கடிதத்தில், தொழிற்சாலையில் வேலை செய்ததை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அந்த மூன்று ஆண்டுகளும் உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் ஊழியர் சேமலாப நிதிக்குக் கழிக்கப்பட்டிருக்கும். வேலை கொடுத்தவர் அதனுடன் 12 சதவீதம் சேர்த்துச் செலுத்தியிருக்க வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கில் சேராது என்றாலும், 36 மாதச் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்பது ஏழு மாதச் சம்பளத்துக்குச் சமம், வட்டி வேறு. இந்த நிதியைப் பெறப் பெண்கள் பொதுவாக 50 வயது வரை காத்திருக்க வேண்டும், ஆனால் திருமணத்தின் பொருட்டு வேலையை விட்டவர்களுக்கு விலக்கு உண்டு. வேலையை விட்ட திகதிக்கும் திருமணத் திகதிக்கும் இடையிலான காலத்துக்கு எல்லை வைத்திருக்கிறார்கள்; ஒரு மாதம் முன்னர் நின்ற உங்களுக்கு அது தடையாக இராது. விவாகச் சான்றிதழ், அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், அங்கத்துவ இலக்கம் உள்ள பழைய சம்பளத் துண்டு ஆகியவற்றுடன் திருகோணமலையிலுள்ள தொழில் அலுவலகத்துக்கு நேரில் செல்லுங்கள். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் என்பது இதிலிருந்து வேறானது. வேலை கொடுத்தவர் தம் பணத்திலிருந்து 3 சதவீதம் கட்டுவது. வேலையை விட்டவர் எந்த வயதிலும் அதற்கு விண்ணப்பிக்கலாம், ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் அங்கே இருக்கும். கணவரும் எப்போதாவது சம்பளத்துக்கு வேலை பார்த்திருந்தால் அவரையும் கையோடு அழைத்துச் செல்லுங்கள்.

இந்த விண்ணப்பங்களின் பணம் கைக்கு வரச் சில காலம் எடுக்கும். அதற்கு முன்னரே செய்யக்கூடியது நகை விடயம்.

நீங்கள் அடகு வைத்தது ரூபாய் வீழ்ச்சியடைவதற்குச் சில மாதங்கள் முன்னர். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை போனபோது தங்கத்தின் விலையும் கூடவே ஏறியது; பிறகு உலகச் சந்தையிலும் ஏறியது. அன்றைய விலையோடு பார்த்தால் இன்று ஒரு பவுண் இரு மடங்குக்கும் மேல். உங்களுக்குக் கிடைத்த முற்பணமோ அன்றைய விலையில், அதுவும் ஒரு பகுதிக்கு மட்டுமே கணக்கிடப்பட்டது. எனவே காப்புச் சோடியை மட்டும் விற்றாலே இரண்டு நகைகளின் கடனும் பெரும்பாலும் தீர்ந்து, சங்கிலி உங்கள் கைக்கு வந்துவிடும். ஆண்டுதோறும் வட்டி கட்டிக் காப்பாற்றுவது நகையை அல்ல, வங்கியின் வருமானத்தைத்தான் என்பது என் அபிப்பிராயம். புதுப்பிக்கப் போகும்போது, விலை ஏறியிருப்பதால் இன்னும் கொஞ்சப் பணம் தரலாம் என்று கருமபீடத்தில் சொல்லக்கூடும். அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள்.

இரண்டு நகைகளும் தனித்தனி அடகுத் துண்டுகளில் இருந்தால், காப்புக்குரிய துண்டை மட்டும் மீட்பதற்கான பணத்தை நெருங்கிய உறவினர் ஒருவரிடம் ஒரு நாளைக்குக் கைமாற்றாகக் கேளுங்கள். ஒரே துண்டானால் முழுத் தொகையும் தேவைப்படும். அடகுத் துண்டில் நகையின் மொத்த எடையும் தேறிய எடையும் கரட்டும் எழுதப்பட்டிருக்கும். மீட்கும்போது துண்டை வங்கி எடுத்துவிடும் என்பதால் முதல் நாளே அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நகைக்கடைத் தராசு வேறு எடை காட்டினால் அந்தத் தாள்தான் உங்களுக்காகப் பேசும். குறைந்தது மூன்று கடைகளில் கேட்டுவிட்டே விற்க வேண்டும். "நாங்களே மீட்டு எடுக்கிறோம்" என்று முன்வருபவர்கள் அந்த வசதிக்கும் சேர்த்தே விலையைக் குறைப்பார்கள்.

எஞ்சினை இரும்புக்காரருக்கு நிறைக்குக் கொடுக்காதீர்கள். ஓடாத எஞ்சினிலும் விசிறி, கியர்ப்பெட்டி, காபரேற்றர் ஆகியவற்றுக்குத் தனித்தனி விலை உண்டு. வாடைக்காலம் முடிந்து கடல் அடங்கும் மாசி, பங்குனியில் திருக்கடலூர்ப் பக்கம் படகுகளைத் திருத்துபவர்களிடம் காட்டினால், பாகங்களுக்காகவே வாங்க ஆள் இருக்கும். பித்தளைச் சாமான்கள் பெரிய தொகை தரமாட்டா. மாமியாரின் மனம் நோகுமென்றால் விட்டுவிடுங்கள். பாவிக்காத இரண்டாவது எரிவாயுச் சிலிண்டர் இருந்தால் வெறுமையாகவே விலை போகும்.

பாடசாலைக் காலத்தில் தொடங்கிய சேமிப்புப் புத்தகங்களையும், அம்மா வீட்டாருக்குச் சமுர்த்தி வங்கியில் இருந்த சேமிப்பையும் ஒருமுறை விசாரியுங்கள். பத்து ஆண்டுகள் அசையாமல் கிடந்த வங்கிக் கணக்கு மத்திய வங்கிக்கு மாற்றப்பட்டிருந்தாலும், உங்கள் வங்கியூடாகவே அதை மீளக் கோரலாம். பிள்ளையின் பெயரிலுள்ள கணக்கை இந்தத் தேடலில் சேர்க்க வேண்டாம்.

வரும் பணம் வீட்டில் ஓர் இரவுகூடத் தங்கக் கூடாது. பிள்ளைக்குச் சப்பாத்து, கூரைக்குத் தகரம் என்று அதற்கு வேலைகள் தானாகவே முளைக்கும், அவை எல்லாமே நியாயமான வேலைகளாகவும் இருக்கும். காப்பு விற்ற பணத்தில் அடகு போக மிஞ்சுவதும், பின்னர் வரும் சேமலாப நிதியும் முதலில் குழுக்கடனுக்கே போக வேண்டும். நிதிக் கம்பனிகள் இப்படிக் கொடுக்கும் சிறு கடன்களின் (நுண்கடன்) வட்டிக்கு 2019இல் மத்திய வங்கி ஆண்டுக்கு 35 சதவீதம் என்று உச்சவரம்பு வைக்க வேண்டியிருந்தது என்றால், அந்தக் கடனின் சுமையை ஊகித்துக்கொள்ளலாம். கடைக்காரர் வட்டி கேட்பவர் அல்லர். அவருக்கு மாதாமாதம் சிறு தொகை கொடுத்து வந்தால் பொறுப்பார்.

குழுக்கடனை அடைக்கும் நாளில், மிகுதியை ஒரேயடியாகக் கட்டினால் எவ்வளவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கட்டிய பிறகு, கடன் தீர்ந்ததற்கான கடிதத்துடன், குழுவிலுள்ள மற்றவர்களின் கடனுக்கு நீங்கள் நின்ற பிணையிலிருந்து விடுவிக்கப்பட்டதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால், பக்கத்து வீட்டவர் கட்டத் தவறிய கிழமையில் அறவிட வருபவர் உங்கள் படலையிலும் வந்து நிற்பார்.