மணல் ஏன் கருப்பாகத் தெரிகிறது?

கேள்வி: மணலைப் பெரிதாக்கிப் பார்த்தால் ரத்தினக் குவியல் மாதிரி இருக்கும் என்று படித்துவிட்டு, பையனுடைய மைக்ரோஸ்கோப்பில் 400 மடங்கு வைத்துப் பார்த்தேன். கருப்புக் கட்டிகள்தான் தெரிந்தன. படங்களில் காட்டுவதெல்லாம் கலர் பூசியதா?

பதில்: இல்லை. உங்கள் மணலிலும் குறையில்லை, வெளிச்சம்தான் தப்பான பக்கத்திலிருந்து வருகிறது. அந்த மாதிரி மைக்ரோஸ்கோப்பில் விளக்கு அடியில் இருக்கும். வெங்காயத் தோல் போல ஒளி ஊடுருவும் மெல்லிய பொருளுக்குத்தான் அது சரி. மணல் என்பது கல். நீங்கள் பார்த்தது அதன் நிழலை.

400-ஐ விடுங்கள், 20 முதல் 40 மடங்கே தாராளம், 10 மடங்கு கை லென்ஸ் இருந்தால்கூடப் போதும். மணலை நன்றாகக் கழுவிக் காயவைத்து, கருப்புத் தாளில் ஒரு சிட்டிகை மட்டும், மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தூவி, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள். கண்ணாடிச் சில்லு போல மின்னுவது பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கனிமம். இளஞ்சிவப்பாக ஒன்றிரண்டு கிடைத்தால் கார்னெட் என்ற ரத்தினக் கல்லாக இருக்கலாம். கருப்பு மணிகளில் காந்தத்துக்கு ஓடி வருவது மேக்னடைட் என்ற இரும்புத் தாது (காந்தத்தைத் தாளில் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் துடைத்து மாளாது).

எனக்கு நிறத்தைவிட வடிவம்தான் பிடிக்கும். பாலைவன மணி உருண்டு, பனி படர்ந்த கண்ணாடி போல மங்கியிருக்கும், காற்றில் பறந்து பறந்து ஒன்றோடொன்று மோதியதால் வந்தது அது. ஆற்று மணலில் பல மணிகளுக்கு இன்னும் கூர்முனை மழுங்கியிருக்காது, ஏனென்றால் தண்ணீர் அந்த மோதலைத் தாங்கிக்கொள்கிறது. கடற்கரை மணலில் சங்கு, சிப்பித் துண்டுகளும் கலந்திருக்கும். ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் சில கரைகளில் மணலே நட்சத்திர வடிவில் கிடைக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு செல் உயிரி ஒன்றின் ஓடு! பவளத் தீவுகளின் வெள்ளை மணலில் கணிசமான பகுதி, பவளப் பாறையைக் கடித்துத் தின்னும் கிளிமீன்களின் கழிவு. சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள்.

அப்புறம் அந்தப் படங்கள். இவ்வளவு பெரிதாக்கும்போது மணியின் ஒரு மெல்லிய அடுக்கு மட்டுமே தெளிவாகத் தெரியும், மற்றதெல்லாம் மங்கல். அதனால் ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து ஒன்றாகச் சேர்க்கிறார்கள். உங்கள் லென்ஸில் அந்த அளவு தெளிவு வராது, நிறம் வரும். கையில் இருப்பது சிப்பித் துண்டா குவார்ட்ஸா என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் சிப்பி. அழகான மணியை மட்டும் இந்தச் சோதனைக்குக் கொடுக்காதீர்கள், மெல்ல மெல்லக் கரைந்துவிடும்.