பீ ஜீஸ் குழுவின் 'ஸ்டேயின் அலைவ்' என்ற ஆங்கிலப் பாட்டுக்கு ட்ரம்ஸ் வாசித்தது மெஷினா, மனிதரா?

மனிதர்தான். பெயர் டென்னிஸ் பிரையன், வேல்ஸில் கார்டிஃப் ஊர்க்காரர். ஆனால் அந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது அவர் ஸ்டுடியோவில் இல்லை. அது "மெஷின்" என்று சிலர் சொல்வது அதனால்தான் இருக்கும்.

1977. பாரிசுக்குப் பக்கத்தில் எரூவில் என்ற ஊரில், பழைய மாளிகை ஒன்றில் ஸ்டுடியோ. பீ ஜீஸ் சகோதரர்கள் பாரி, ராபின், மாரிஸ் மூவரும் 'சாட்டர்டே நைட் ஃபீவர்' படத்துக்குப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் டென்னிஸ் குடும்ப விஷயமாக அவசரமாக ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. ரிதம் மெஷினையும் வைத்துப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. தயாரிப்பாளர் ஆல்பி கலூட்டனும் ஒலிப்பதிவாளர் கார்ல் ரிச்சர்ட்சனும் ஒரு வேலை செய்தார்கள். 'நைட் ஃபீவர்' பாட்டுக்கு டென்னிஸ் ஏற்கெனவே வாசித்திருந்ததில் இரண்டே இரண்டு பாரை, அதாவது இரண்டு தாளச் சுற்றை, வேறு டேப்பில் எடுத்து, இரு முனையையும் ஒட்டி வளையமாக்கி, மைக் ஸ்டாண்டில் தொங்கவிட்டு ஓட்டினார்கள். அந்தத் தாளம்தான் பாட்டு முழுக்க.

ட்ரம்மர் பெயர் போட வேண்டிய இடத்தில், 'பெர்னார்ட் லூப்' என்று உலகத்திலேயே இல்லாத ஒருவரின் பெயரை விளையாட்டாகப் போட்டார்கள். டேப் வளையத்துக்கு ஆங்கிலத்தில் 'லூப்' என்றுதான் பெயர். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் இருபது வருஷம் லைட் மியூசிக் குழுக்களில் ட்ரம்ஸ் வாசித்தவன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம், ஆடி மாதக் கோயில் கச்சேரி ஒன்றுக்குப் போக முடியவில்லை. ஒத்திகையில் பதிந்து வைத்திருந்த என் வாசிப்பைக் கீபோர்டு தம்பி வெட்டி எடுத்து, தட்டினால் தாளம் ஒலிக்கிற எலக்ட்ரானிக் கருவியான ரிதம் பேடில் ஏற்றிவிட்டார். "உங்க கைதாண்ணே, ஒரு அடி பிசகலை" என்று போனில் சந்தோஷமாகத்தான் சொன்னார். அடுத்த மாதம் மூன்று கச்சேரி. ஒன்றுக்கும் கூப்பிடவில்லை. ஆள் சம்பளம் மிச்சம், வேனில் இடமும் மிச்சம்.

அப்புறம் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேடையிலிருந்து என் ஸ்நேர் ட்ரம்மின் சத்தம் கேட்டது. அதன் அடியில் ஒரு கம்பி தளர்ந்து, ஒவ்வொரு அடிக்கும் லேசாகச் சரசரக்கும். டேப் ஒட்டியும் அடங்காத சரசரப்பு. இலையை விட்டு எழுந்து போய்ப் பார்த்தேன். மேடையில் ட்ரம்ஸே இல்லை.

மெஷினே கூடாது என்கிறான் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ரிதம் பேடிலும் விரல் வேலை இருக்கிறது, நானும் வாசித்திருக்கிறேன். டென்னிஸோடு என்னை ஒப்பிடவும் இல்லை. அவரை பீ ஜீஸ் விட்டுவிடவில்லை, 1979இல் வந்த அடுத்த ஆல்பத்திலும் அவர்தான் வாசித்தார். 2024 நவம்பரில் காலமானார்.

சரி, இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கச்சேரி நோட்டீஸ்களில் பாடுகிறவர் படம் பெரிதாக இருக்கும், வாத்தியம் வாசிக்கிறவர்கள் எல்லாரும் "மற்றும் குழுவினர்". போன மாதம் எங்கள் தெரு அம்மன் கோயில் நோட்டீஸிலும் அப்படித்தான். பந்தல் போட்டவர் பெயர்கூட செல் நம்பரோடு இருந்தது.