சரக்கு விமானத்தில் வேலை: பட்டாளத்துக்குப் போக நினைக்கும் தம்பிக்கு

தம்பி, உன் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். கிரீன் கார்டில் டெக்சாஸ் வந்து சில மாதமாகிறது, கடை வேலை பிடிக்கவில்லை. அமெரிக்க விமானப்படையில் சேர்ந்தால் குடியுரிமை சீக்கிரம் கிடைக்கும், லோடுமாஸ்டராக, அதாவது சரக்கு விமானத்தில் சரக்கை ஏற்றிக் கட்டி எடை பார்க்கிறவராகப் போனால் உலகம் சுற்றலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த வேலையில் இருந்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறாய்: நம் ஊர்ப் பையனுக்கு இது ஒத்துவருமா? முன்னோருக்குச் செய்யும் படைப்புக்காக நம் ஊர் கோனாபட்டு வந்திருக்கிறேன். நேற்று உங்கள் ஆத்தாவும் முகப்பில் வந்து உட்கார்ந்து இதையேதான் கேட்டார்கள். அவர்களிடம் பாதி சொன்னேன். மீதியையும் சேர்த்து உனக்கு எழுதுகிறேன்.

முதலில் காகித சமாச்சாரம். கிரீன் கார்டுக்காரர்கள் பொதுவாக 5 வருடம் காத்திருக்க வேண்டும். படையில் சேர்ந்தால் ஒரு வருட நற்சேவை போதும் என்பது சட்டம். 2001 செப்டம்பர் 11 முதலான காலத்தைப் போர்க்காலமாக 2002-ல் அறிவித்துவிட்டதால் அதற்கும் முன்பே விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அந்த வகையில் நீ கேள்விப்பட்டது சரி. ஆனால் ரகசியக் காப்பு அனுமதி இல்லாமல் லோடுமாஸ்டராக முடியாது, அந்த அனுமதி குடிமக்களுக்கு மட்டும்தான். நான் சேரும்போதே குடியுரிமை வாங்கியிருந்தேன். நீ முதலில் தரை வேலை ஏதாவது ஒன்றில் சேர்ந்து, குடியுரிமை வாங்கி, பிறகுதான் வேலை மாற்றிக் கேட்க வேண்டியிருக்கும். இன்னொன்று, சேவை மூலம் வாங்கிய குடியுரிமையை, 5 வருடச் சேவை முடிவதற்குள் கெட்ட பெயரோடு வெளியே அனுப்பினால் திரும்பப் பிடுங்கவும் முடியும்.

இதையெல்லாம் விடப் பெரியது ஒன்று. அங்கே சேர்ப்பு அலுவலகத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. வெளிநாட்டுப் படையில் இருப்பவருக்கும், இருந்து ஓய்வு பெற்றவருக்கும் இந்தியா ஓசிஐ அட்டை தருவதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் விசா இல்லாமல் வந்துபோக உதவும் அட்டை அது. என் அக்கா மகன் கலிஃபோர்னியாவில் கணினி வேலை பார்க்கிறான். நினைத்த நாளில் டிக்கெட் போட்டு வருகிறான், போகிறான். நான் ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் சொந்த வீட்டுப் படைப்புக்கு விசா எடுத்துத்தான் வரவேண்டும். உங்கள் ஆத்தா இங்கே தனியாக இருக்கிறார்கள். திடீரென்று ஒரு ஃபோன் வந்தால் அடுத்த விமானத்தில் ஏற முடியுமா என்பதையும் யோசித்துக்கொள்.

சரி, வேலைக்கு வருவோம்.

நான் தொடங்கியது சி-141. வால் பக்கம் திறக்கும் நான்கு எஞ்சின் ஜெட், 1963-ல் முதலில் பறந்தது, 2006-ல் கடைசி விமானமும் ஓய்வு பெற்றது. அதன் பிறகு எனக்கு சி-17 என்ற சரக்கு ஜெட். முதலாவதில் இரண்டு பைலட், இரண்டு எஞ்சினியர், அப்புறம் நாங்கள் என்று ஒரு சின்னக் குடும்பமே இருக்கும். சி-17-ல் முன்னால் இரண்டு பைலட், பின்னால் ஒரே ஒரு லோடுமாஸ்டர், அவ்வளவுதான். நீண்ட தூரப் பயணமென்றால் கூடுதலாக ஆள் போடுவார்கள். தனிமை பிடிக்காதவன் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

லோடுமாஸ்டர் என்றால் மூட்டை தூக்குகிறவர் என்று இங்கே சொந்தக்காரர்கள் பலர் நினைத்திருந்தார்கள். தூக்குவதற்கு ஃபோர்க்லிஃப்டும் லோடர் வண்டியும் இருக்கின்றன. இந்த வேலையில் பெரும்பகுதி கணக்குத்தான். சரக்கு எல்லாம் பேலட்டில் வரும். நடுவில் பால்சா மரம், மேலும் கீழும் அலுமினியத் தகடு, 108 அங்குல நீளம், 88 அங்குல அகலம். வெறும் பேலட்டே 290 பவுண்டு, அதன் மேல் 10,000 பவுண்டு வரை ஏற்றலாம். நீட்டிய சி-141-ல் 13 பேலட், சி-17-ல் 18, பெரிய சி-5-ல் 36. ஒவ்வொன்றின் எடையையும், ஒரு குறித்த புள்ளியிலிருந்து அது உட்காரும் தூரத்தால் பெருக்கி, வெறும் விமானத்தின் கணக்கையும் சேர்த்து எல்லாவற்றையும் கூட்டி, மொத்த எடையால் வகுத்தால் விமானத்தின் ஈர்ப்பு மையம் வரும். அது குறிப்பிட்ட எல்லைக்குள் இல்லாவிட்டால் விமானம் கிளம்பாது. மாட்டு வண்டியில் முன்பாரம் பின்பாரம் பார்க்கிற அதே சங்கதிதான், நுகத்தடி மட்டும் இல்லை. பர்மாவில் ஐந்தொகைக் கணக்குப் போட்டுக் கொடுத்த எங்கள் ஐயா இருந்திருந்தால் இந்த வேலையை என்னை விட நன்றாகப் பார்த்திருப்பார்.

அடுத்தது கட்டுவது. சரக்கு முன்னோக்கிப் பாய்வதைத் தடுக்க அதன் எடையைப் போல 3 மடங்கு பிடிப்பு வேண்டும். பின்னோக்கியும் பக்கவாட்டிலும் ஒன்றரை மடங்கு, மேல்நோக்கி 2 மடங்கு. 10,000 பவுண்டு தாங்கும் சங்கிலியைச் சாய்வாகக் கட்டினால் அந்த முழுப் பலமும் ஒரே திசையில் கிடைக்காது. அதனால் கோணம் பார்த்து எத்தனை சங்கிலி என்று கணக்குப் போட வேண்டும். தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2013 ஏப்ரல் 29 போதும். ஆப்கானிஸ்தானின் பக்ராமிலிருந்து 5 கவச வண்டிகளோடு கிளம்பிய தனியார் 747 சரக்கு விமானம் ஏறின உடனே விழுந்தது. பின்னாலிருந்த வண்டி கட்டவிழ்ந்து நகர்ந்து வால் பகுதியைச் சிதைத்துவிட்டது. உள்ளே இருந்த 7 பேரும் போய்விட்டார்கள். அப்போது நான் ஓய்வு பெற்றிருந்தேன். அன்று இரவு தூங்கவில்லை.

இப்போது உன் முக்கியமான கேள்வி, ஒத்துவருமா என்பது. இங்கிலீஷ் பற்றிப் பயப்படுகிறாய். அது பிரச்சினையே இல்லை. விமானத்துக்குள் பேச்சு எல்லாம் செக்லிஸ்ட்தான். அவர்கள் கேட்பதும் நீ சொல்வதும் முன்பே எழுதி வைத்தது, உச்சரிப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கஷ்டம் வேறு இடத்தில். நம்மைப் பெரியவர்கள் முன்னால் எதிர்த்துப் பேசாமல் வளர்த்திருக்கிறார்கள். அப்பச்சி பேசும்போது கதவோரம் நின்று கேட்டவர்கள் நாம். இந்த வேலையில் எதிர்த்துப் பேசாதவன் ஆபத்தானவன்.

சி-17 தன் எஞ்சினை வைத்தே பின்னால் நகரும். பின்னால் இருப்பது எதுவும் பைலட் கண்ணுக்குத் தெரியாது. லோடுமாஸ்டர் ஹெட்செட்டோடு பின்பக்கம் நின்று தூரம் சொல்லிக்கொண்டே வருவான். அவன் ‘நிறுத்து’ என்றால் ஓட்டுகிறவர் கர்னலாக இருந்தாலும் அந்த நொடியே பிரேக் போடுவார், ஏன் என்று பிறகுதான் கேட்பார். எனக்கு அந்த ஒரு வார்த்தை சத்தமாக வாயில் வரவே வெகுநாள் பிடித்தது. ஒரு முறை தரைப்படை அதிகாரி ஒருவர் லாரியின் எடையை வாயால் சொல்லி ஏற்றச் சொன்னார். டயரின் பிதுக்கத்தைப் பார்த்தாலே எடை அதிகம் என்று தெரிந்தது. திரும்ப எடை போடாமல் ஏற்ற மாட்டேன் என்றேன். அவர் என் தோள்பட்டியைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், பிறகு பைலட்டைத் தேடிப் போனார். “பின்னால் அவர் சொல்வதுதான்” என்று பைலட் சொல்லி அனுப்பிவிட்டார். வேறெந்த வேலையிலும் ஊரிலிருந்து வந்த ஒருவனுக்கு அவ்வளவு சீக்கிரம் அந்த இடம் கிடைத்திருக்காது. சேரச் சொன்னால் இதற்காகத்தான் சொல்வேன், குடியுரிமைக்காக அல்ல.

உலகம் சுற்றலாம் என்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள். ஜெர்மனியின் ராம்ஸ்டைன், ஜப்பானின் யோகோட்டா, ஹவாய், இந்தியப் பெருங்கடலில் உள்ள டியேகோ கார்சியா தீவு எல்லாம் போகலாம். பார்ப்பதென்னவோ நள்ளிரவில் விளக்குப் போட்ட சிமெண்டுத் தளமும், சாப்பாட்டு விடுதியும், திரை இழுத்த அறையும்தான். ஒரு முழு நாள் வேலை 16 மணி நேரம், கூடுதல் ஆள் இருந்தால் 24 மணி நேரம் வரை போகும். எல்லாக் கடிகாரமும் கிரீன்விச் நேரத்தில் ஓடும். அதோடு ஐந்தரை மணி கூட்டினால் ஊர் நேரம் என்பதால், ஆத்தா விழித்திருப்பார்களா என்று கணக்குப் போடுவது சுலபம். அது ஒன்றுதான் வசதி. சி-141-ல் தரை ஜில்லென்றிருக்கும், மேலே சூடாக இருக்கும். பெட்டியில் கொடுக்கும் சாண்ட்விச் அலுத்துவிடும். ஊரிலிருந்து வரும் தேன்குழலையும் சீப்புச் சீடையையும் கொண்டுபோவேன். என் பெயரைச் சரியாகச் சொல்லாதவர்களும் சீடையைச் சரியாகச் சொல்வார்கள்.

போரில் இறந்தவர்களை டெலவேரிலுள்ள டோவருக்குக் கொண்டுவருவதும் இந்த வேலைதான். அந்தப் பெட்டிகளின் மேல் வேறெதையும் அடுக்கக்கூடாது, மேலே போர்த்திய கொடி கசங்கக்கூடாது. அது பற்றி உங்கள் ஆத்தாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

காது போகும். இது உறுதி. எனக்கு வலக் காதில் எப்போதும் ஒரு ரீங்காரம். சேரும்போதும், வருடா வருடமும், விலகும்போதும் எடுக்கும் காதுப் பரிசோதனைகளின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள். பின்னால் முன்னாள் வீரர்களுக்கான உதவித்தொகை கேட்கப்போனால் அந்தக் காகிதம்தான் பேசும். வயது பற்றி அவசரப்படாதே. 2023-லிருந்து 42 வயது வரை சேர்க்கிறார்கள், உனக்கு நிறையக் காலம் இருக்கிறது. முதலில் அவர்களுடைய தகுதித் தேர்வுக்குப் படி, கணக்கில் நல்ல மதிப்பெண் எடு. கையெழுத்துப் போடும் நாளில், உனக்குச் சொன்ன வேலையின் பெயர் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பார். வாயால் சொன்னது எதுவும் கணக்கில் வராது. இல்லையென்றால் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வா, ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.