டிவி ரிப்போர்ட்டர் ஆக நிலத்தை அடமானம் வைக்க வேண்டாம்

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு குடும்பம். காமர்ஸ் குரூப்பில் பிளஸ் 2 முடித்த மகளுக்கு டிவி செய்தியாளர் ஆக ஆசை. "பொம்பளப் புள்ள மைக்கத் தூக்கிட்டு ரோட்ல நிக்கிறதா? இன்ஜினீயரிங்ல போடு" என்கிறார் பெரியப்பா. அப்பாவோ சென்னைத் தனியார் கல்லூரியில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) சேர்க்க நிலத்தை அடமானம் வைக்கத் தயார். இதெல்லாம் சரிவருமா என்று பயந்துபோய்க் கேட்டிருப்பவர் அம்மா.

பயம் நியாயம்தான் அம்மா, ஆனால் இடம் மாறியிருக்கிறது. பெரியப்பாவை விடுங்கள், கணக்கும் இயற்பியலும் படிக்காத பிள்ளைக்கு இன்ஜினீயரிங் கவுன்சலிங்கில் இடமே கிடையாது. அடமானம்தான் ஆபத்து. செய்தியாளர் வேலைக்கு விஸ்காம் கட்டாயமில்லை. கேமரா, விளம்பரம், அனிமேஷன் என்று பல திசையில் போகும் படிப்பு அது. தொடக்கச் சம்பளத்தில் சென்னை வாடகை போக வட்டி கட்ட மிஞ்சாது.

மதுரை ஸ்ரீ மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி போன்ற இடத்தில் பொருளியல் சேருங்கள். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். இதழியலைப் பட்டத்துக்குப் பிறகு ஓராண்டு டிப்ளமோவாகப் படித்துக்கொள்ளலாம்.

அந்த மூன்று வருடத்தில் தொழிலைக் கற்க ஒரு வழி இருக்கிறது, யாரும் மதிப்பதில்லை: மாவட்டச் செய்தி. சேனல்களின் மாவட்டச் செய்தியாளர்களுக்கும் பகுதிநேரமாகச் செய்தி அனுப்பும் ஸ்ட்ரிங்கர்களுக்கும் துணையாக விடுமுறை நாட்களில் போவது. தொடங்க திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டம் போதும். பழைய மனுக்களை மாலையாகக் கோத்துக் கழுத்தில் போட்டு ஒருவர் வருவார். எல்லா கேமராவும் அவரைச் சுற்றும். மகள் அந்த மனுக்களின் தேதிகளைக் குறிக்கட்டும். முதல் மனு எந்த வருடம், எந்த அலுவலகம் என்ன பதில் தந்தது என்பதுதான் செய்தி. அந்த அலுவலக அதிகாரியிடமே கேட்டுப் பதில் வாங்கினால் பாதி ஸ்கிரிப்ட் முடிந்தது.

போனே போதும், ஆனால் படுக்கைவாட்டில் பிடித்து ஒவ்வொரு ஷாட்டையும் 10 விநாடி அசைக்காமல் எடுக்க வேண்டும். புதியவர்கள் மூன்றாவது விநாடியிலேயே அடுத்த பக்கம் திருப்பிவிடுவார்கள். எடிட்டருக்கு வெட்ட ஒன்றுமிருக்காது. பைட், அதாவது ஒருவர் கேமராவில் பேசும் துண்டு, 15, 20 விநாடி. காலர் மைக் இல்லாமல் ரோட்டில் எடுத்தால் பஸ் ஹாரன்தான் கேட்கும். பேசியவர் பெயரும் பதவியும் தவறினால் திரையில் அப்படியே போகும். அவரையே எழுதித் தரச் சொல்வது நல்லது.

காவல் நிலையச் செய்திக்கு வாய்ப்பேச்சை நம்பக் கூடாது. எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது 2016 உச்ச நீதிமன்ற உத்தரவு, படித்துப் பார்க்கலாம். பாலியல் வழக்குகள் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கில் குழந்தையின் பெயரை மறைத்தால் போதாது. வீட்டு வாசலோ பள்ளிப் பெயர்ப் பலகையோ ஷாட்டில் விழுந்தாலும் அந்தச் சட்டத்தின் பிரிவு 23 பாயும், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

நான்கு திங்கட்கிழமை போய்வந்த பிறகு மகளிடம் பேசுங்கள். மனுவைத் தோண்டுவது பிடித்திருந்தால் தடுக்காதீர்கள், பெரியப்பாவையும் தடுக்க விடாதீர்கள். முகம் திரையில் தெரிந்தால் போதும் என்றால் அது செய்தி வாசிப்பாளர் வேலை. உச்சரிப்புப் பயிற்சி வேறு, ஆடிஷன் வேறு. இரண்டும் பிடிக்கவில்லை என்றாலும் பொருளியல் பட்டம் கையில் இருக்கும். கடன் இருக்காது.

இன்னொன்று. "டெபாசிட் கட்டுங்கள், ஐடி கார்டும் மைக் லோகோவும் தருகிறோம்" என்று பெயர் தெரியாத சேனல்கள் வரும். சம்பளம் பற்றிக் கேட்டால் விளம்பரம் பிடித்துக் கமிஷன் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஸ்ட்ரிங்கருக்குப் பெரும்பாலும் செய்திக்கு இவ்வளவு என்றுதான் பணம். தொகை எவ்வளவு, எந்தத் தேதியில் வரும், பெட்ரோல் யார் கணக்கு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு மைக்கைத் தொடட்டும்.