ஜெட் ஸ்ட்ரீம் வளைஞ்சா யாருக்குக் குளிர், யாருக்கு மழை? (கேள்வி பதில்)

விமானங்களுக்கு மேல்காத்து சார்ட் பாத்துக் குடுக்குற வேலைல ரொம்ப வருஷம் இருந்ததால இந்த சப்ஜெக்ட்ல என்கிட்ட கேள்வி வர்றது வழக்கம். இந்தத் தடவை வந்ததுக்கெல்லாம் ஒரே இடத்துல பதில் சொல்லிடறேன். அடுத்த மாசம் எங்க தெருவுல ஸ்னோ எந்தத் தேதின்னு மட்டும் கேக்காதீங்க.

கேள்வி (ஸ்கார்பரோ, டொராண்டோ): அண்ணை, போன கிழமை மைனஸ் 18, கை விறைச்சுப் போச்சு. இண்டைக்குப் பாத்தா பிளஸ் 7, மழை கொட்டுது. உது என்ன கோதாரி வெதர்?

பதில்: உங்க ஊரு ஜெட் ஸ்ட்ரீம் போய்வர்ற வழியிலயே உக்காந்திருக்கு, அதான். தரையிலேருந்து 9-12 கிமீ உயரத்துல மேற்கேருந்து கிழக்கா ஓடுற காத்து அது, குளிர்காலத்துல மணிக்கு 200 கிமீ சர்வ சாதாரணம், சில நாள் 350-ஐயும் தாண்டும். வடக்க ஆர்க்டிக் காத்து, தெக்க மெக்சிகோ வளைகுடாவோட கதகதப்பான காத்து, ரெண்டுக்கும் வெப்ப வித்தியாசம் எங்க அதிகமோ அதுக்கு மேலதான் இது ஓடும், குளிர்காலத்துல அந்த வித்தியாசம் கூடுறதால வேகமும் கூடிடும் பாதையும் தெக்க இறங்கிடும். ஆனா நேர்கோடா ஓடாது. தெக்க தொங்குற வளைவு ட்ரஃப், வடக்க ஏறுற வளைவு ரிட்ஜ். ட்ரஃப் உங்களைத் தாண்டிக் கிழக்க போயிட்டா அதுக்குப் பின்னாடி ஆர்க்டிக் காத்து நேரா உங்க மேல இறங்கும், அதுதான் அந்த மைனஸ் 18. அடுத்த ட்ரஃப் மேற்கேருந்து வரும்போது நீங்க அதோட கிழக்குப் பக்கம் மாட்டுவீங்க, தெக்கத்திக் காத்து அடிக்கும், மழை.

இன்னொண்ணு, கொலராடோ பக்கத்துலேருந்து கிளம்புற புயல் மிச்சிகன் வழியா உங்களுக்கு வடக்க போனா உங்களுக்கு மழை, ஏரி ஈரிக்குத் தெக்க போனா ஸ்னோ. நடுவுல மாட்டினாதான் கஷ்டம். மேல ஒரு கதகதப்பான அடுக்குல பனி உருகி மழையாகி, தரையோட ஒட்டி இருக்குற மைனஸ் காத்துல விழுந்து தொட்ட இடத்துலயே ஐஸா ஒட்டிக்கும். 2013 டிசம்பர் ஐஸ் ஸ்டார்ம் அப்படித்தான், கிறிஸ்துமஸுக்கு முன்னாடி டொராண்டோல மட்டும் சுமார் 3 லட்சம் கனெக்‌ஷனுக்குக் கரண்ட் இல்ல. ஜெட் கொஞ்சம் நகர்ந்தா போதும், பனி வார்ற சவளை எடுக்கணுமா குடை எடுக்கணுமாங்கறதே மாறிடும்.

கேள்வி (டல்லாஸ்): சார், 2021 பிப்ரவரில நாங்க பட்ட பாடு தெரியும். டிவில "போலார் வோர்டெக்ஸ் உடைஞ்சிடுச்சு"ன்னாங்க, நீங்க ஜெட் ஸ்ட்ரீம்ங்கறீங்க. ரெண்டும் ஒண்ணா வேறயா?

பதில்: வேற வேற. டிவிக்காரங்க 2014 ஜனவரிலேருந்து எல்லாக் குளிருக்கும் அந்தப் பேர வச்சுட்டாங்க. போலார் வோர்டெக்ஸ்ங்கறது ஸ்ட்ராட்டோஸ்பியர்ல, அதாவது சுமார் 16 கிமீ-லேருந்து 50 கிமீ வரைக்கும், துருவத்தைச் சுத்தி ஓடுற காத்து வளையம். ஜெட் ஸ்ட்ரீம் அதுக்குக் கீழ. வளையம் வேகமா சுத்துற வரைக்கும் பம்பரம் மாதிரி நிமிந்து நிக்கும், கீழேருந்து காத்தோட பெரிய அலைகள் வந்து முட்டி வேகம் கொறைஞ்சா தலையாட்டும், சில சமயம் ரெண்டாப் பிளந்தே போகும். அப்போ மேல சில நாள்லயே 40-50 டிகிரி வரைக்கும் சூடு ஏறிடும், பத்து வருஷத்துல ஆறு தடவை போல இப்படி நடக்குது. 2021-ல அது ஜனவரி 5-ம் தேதி நடந்துச்சு. அதோட தாக்கம் கீழ இறங்க வாரக்கணக்கா ஆகும், சில தடவை இறங்காமலே போயிடும். இறங்கினா ஜெட் தளர்ந்து பெருசா வளையும், ஆனா எந்த ஊர்ல வளையும்னு மேல நடக்குறத வச்சு சொல்ல முடியாது. 2018 பிப்ரவரில இதே மாதிரி நடந்தப்போ மாட்டினது ஐரோப்பா, சைபீரியாக் காத்து லண்டன் வரைக்கும் வந்துச்சு.

டெக்சாஸ் குளிருக்கு ஜனவரி சமாசாரம் எவ்வளவு காரணம்னு ஆராய்ச்சிக்காரங்களுக்குள்ள இன்னும் வாதம் ஓடுது. ஜெட் அமெரிக்காவோட நடுவுல ஆழமாத் தொங்குச்சு, அதுல சந்தேகமில்ல. கனடா சமவெளிக்கும் உங்களுக்கும் நடுவுல கிழக்கு மேற்கா ஒரு மலை கிடையாது, கனமான குளிர்காத்து ராக்கி மலை ஓரமாவே வழிஞ்சு வந்துடும். 16-ம் தேதி டல்லாஸ்ல மைனஸ் 19, 1949-க்கு அப்புறம் அவ்வளவு குளிர் இல்ல. கேஸ் கிணறும் பைப்பும் உறைஞ்சு பவர் பிளான்ட் நின்னு, 45 லட்சம் வீடு போல இருட்டுல கிடந்துச்சு. மாநில சுகாதாரத் துறை கணக்குப்படியே 246 பேர் இறந்தாங்க. அதுல வானிலையோட பங்கு பாதிதான்னு நான் சொல்வேன், குளிருக்குத் தயாராகாத மின்சார கிரிட்டு மீதி. ஃபோர்காஸ்ட்ல மைனஸ் 7-க்குக் கீழ காட்டினா ராத்திரி குழாயைச் சொட்ட விட்டுட்டு, சிங்க்குக்குக் கீழ இருக்குற கதவைத் திறந்து வச்சுட்டுப் படுங்க.

கேள்வி (லண்டன்): அமெரிக்காவுல பனி கொட்டினா எங்களுக்கு வெள்ளம்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றார். கதை விடறாரா?

பதில்: கதை இல்ல, 2013-14 குளிர்காலம் அப்படியேதான். வட அமெரிக்காவோட கிழக்குப் பாதில ட்ரஃப் அசையாம நின்னுச்சு, உறைஞ்ச நிலக்காத்தும் அட்லாண்டிக்கோட சூடான தண்ணி மேல இருந்த காத்தும் பக்கத்துப் பக்கத்துல வந்ததும் வெப்ப வித்தியாசம் கூடி ஜெட் வெறி புடிச்ச மாதிரி ஓடுச்சு. அதோட முனை நேரா பிரிட்டன் மேல. ஒண்ணு மாத்தி ஒண்ணா புயல், சாமர்செட்ல வாரக்கணக்கா தண்ணி, டாலிஷ்ல கடலோர ரயில் பாதையே அறுந்து தொங்குச்சு. ஆனா அந்தக் குளிர்காலத்துல உங்க ஊர்ல குளிரு பெருசா இல்ல, ஜெட் பலமா இருந்தா கடல்காத்துதான் வரும். 2010 டிசம்பர்ல நேர் எதிர், வழியில ஒரு உயரழுத்தம் அடைச்சுக்கிட்டு நின்னு ஜெட்டைத் தெக்க தள்ளிவிட, 100 வருஷத்துல காணாத டிசம்பர் குளிர். இந்த அடைப்பு எப்போ உருவாகும்ங்கறதுலதான் வானிலைய கணிக்கிற கம்ப்யூட்டர் மாடல்கள் அடிக்கடி சறுக்கும்.

கேள்வி (சிகாகோ, காலேஜ் மாணவி): அண்ணா, பூமி சூடாகுதுன்னா ஏன் இன்னும் மைனஸ் 30 வருது? ஆர்க்டிக் உருகுறதால ஜெட் வளையுதுன்னு படிச்சேன்.

பதில்: நீங்க படிச்சது 2012-ல ஜெனிபர் ஃபிரான்சிஸ்ங்கற ஆராய்ச்சியாளர் முன்வச்ச வாதம். ஆர்க்டிக் மத்த இடத்தைவிட நாலு மடங்கு போல வேகமா சூடாகுது, அதனால வெப்ப வித்தியாசம் கொறையும், ஜெட் தளரும், வளைவு பெருசாகி நின்னுடும்னு. கேக்க அழகா இருக்கு. ஆனா வித்தியாசம் கொறையுறது தரைக்குப் பக்கத்துல, ஜெட் ஓடுற உயரத்துல வெப்பமண்டலப் பக்கம் அதிகம் சூடாகி இழுப்பு எதிர்ப்பக்கமும் இருக்கு. கயிறு ரெண்டு பக்கமும் இழுபடுது, நான் இன்னும் முழுசா நம்பல. 2019 ஜனவரி 30 உங்க ஊர்ல மைனஸ் 30 தொட்டுச்சு, வாஸ்தவம், ஆனா மொத்தத்துல கடுங்குளிர் நாள் எண்ணிக்கை கொறைஞ்சுட்டுதான் வருது.

கேள்வி (டெல்லி): வானிலைத் துறை புல்லட்டின்ல தினமும் 12.6 கிமீ உயரத்துல 130 நாட் (மணிக்கு சுமார் 240 கிமீ) ஜெட் காத்துன்னு போடறாங்க. எங்களுக்கு எதுக்கு சார் அது?

பதில்: உங்களுதுக்கு சப்டிராப்பிகல் ஜெட்னு பேர், குளிர்காலத்துல இமயமலைக்குத் தெக்க ஒட்டி ஓடும். மத்தியதரைக்கடல் பக்கத்துலேருந்து வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ், அதாவது மழையும் பனியும் கொண்டுவர்ற காத்துச் சுழற்சி, அதுலதான் சவாரி பண்ணி வருது. வந்தா மேகம், ராத்திரிக் குளிர் கொறையும், காஷ்மீர் இமாச்சல்ல பனி, பஞ்சாப் கோதுமைக்கு மழை. போனதும் வானம் தெளிஞ்சு, ஈரத் தரை, காத்து அசையாது, மறுநாள் காலைல எதிர்ல நிக்குற ஆட்டோ கூடத் தெரியாத மூடுபனி. வராம ஏமாத்தினா 2024 ஜனவரி மாதிரி, குல்மார்க்ல பனியில்லாம சறுக்க வந்தவங்க வெறும் புல்லைப் பாத்தாங்க.

கேள்வி (சென்னை): நம்ம ஊர் மார்கழிக் குளிருக்கு இதுல பங்கு உண்டா?

பதில்: நேரடியா இல்ல. ஊட்டி உறைபனி கூட தெளிஞ்ச வானத்துல ராத்திரி தரை சூட்டை இழக்குறதுதான். ஆனா வடக்க ஜெட்ல ஒரு ட்ரஃப் ஆழமா இறங்கினா வங்கக்கடல் புயலை வடகிழக்கா இழுத்துட்டுப் போகும், வறண்ட காத்தையும் உள்ள விடும். நமக்கு வரும்னு காத்திருந்த மழை அப்படியும் போகும்.

கேள்வி (நியூ ஜெர்சி): நியூயார்க்-லண்டன் அஞ்சு மணி நேரத்துக்குள்ள ஒரு பிளேன் போச்சாமே, ஒலியைவிட வேகமாவா?

பதில்: 2020 பிப்ரவரில பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747, 4 மணி 56 நிமிஷம். தரைக்கணக்குல மணிக்கு 1,300 கிமீ தாண்டுச்சு, ஆனா சுத்தி இருக்குற காத்தே 300 கிமீ-க்கு மேல ஓடினதால காத்தைப் பொறுத்தவரை வழக்கமான வேகம்தான், ஒலித்தடை உடையல. திரும்பி வர்றவங்க அதே காத்தை எதிர்த்து வரணும், அதான் விமானங்கள் வடக்க சுத்திக்கிட்டு வர்றது.

கேள்வி (டொராண்டோ, இன்னொருவர்): மார்ச் முடியுது அண்ணை, ஸ்னோ டயரைக் கழட்டட்டா?

பதில்: பொறுங்க. ஏப்ரல்லயும் ட்ரஃப் இறங்கும், 2018 ஏப்ரல் 14-15-ல ஐஸ் மழை பெஞ்சது உங்க ஊர்லதான். காலைல தொடர்ந்து 7 டிகிரிக்கு மேல நிக்க ஆரம்பிச்சதும் கழட்டுங்க.